அதலைக்கொடிக்கு வரப்பையாவது விட்டுவையுங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பத்தே நிமிடத்தில் காய்கறி வீடு தேடி வரும் வசதியைப் பற்றி உங்கள் ஞாயிறு இணைப்பில் ஒரு கட்டுரை வந்தது. அதை மறுத்து அடுத்தடுத்த நாட்களில் சில கடிதங்களும் வந்தன. போனைத் தட்டினால் கீரை வாசலுக்கு வருகிறது, இதற்கு மேல் என்ன வேண்டும் என்றது கட்டுரை. வசதி நம்மைக் கெடுத்துவிட்டது, மண்ணுக்குத் திரும்புங்கள் என்றன கடிதங்கள். மண்ணை விட்டு எங்கேயும் போகாமல் அங்கேயே இருக்கிறவர்களைப் பற்றி இரண்டு தரப்பும் ஒரு வரி எழுதவில்லை. எங்கள் ஊரில் இன்றைக்கும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் காட்டில் கிள்ளி வந்த கீரைதான் கூலி வேலை செய்யும் வீடுகளில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ளும் வெஞ்சனம். அந்தக் கீரையும், அதலைக்கொடியில் தானாகக் காய்க்கிற காட்டுக்காயும் களைக்கொல்லி மருந்தால் வருஷத்துக்கு வருஷம் குறைந்துகொண்டே வருகின்றன. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். நீளமாகத்தான் இருக்கும். முடிந்தவரை வெட்டாமல் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

நான் விளாத்திகுளம் வட்டத்தில் ஒரு கரிசல் கிராமத்தைச் சேர்ந்தவள். சத்துணவு அமைப்பாளராக வேலை பார்த்து ஓய்வு பெற்றிருக்கிறேன். எங்கள் ஊருக்கு ஆற்றுப் பாசனம் கிடையாது. புரட்டாசிக் கடைசியில் தொடங்கி மார்கழி வரை பெய்கிற மழைதான் எல்லாம். கரிசல் மண் அந்த ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அதில்தான் கம்பு, சோளம், குதிரைவாலி, பருத்தி, உளுந்து, பாசிப்பயறு எல்லாம் விளைந்தன. காடு என்று நான் எழுதுவது இந்த மானாவாரிப் புஞ்சையைத்தான், மலைக்காட்டை அல்ல.

முதலில் மண்ணுக்குத் திரும்பச் சொல்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். குதிரைவாலிச் சோறு உடம்புக்கு நல்லது, சந்தேகமே இல்லை. 2023-ஐ ஐக்கிய நாடுகள் சபை சிறுதானிய ஆண்டாக அறிவித்ததும் பட்டணத்துக் கடைகளில் அது அழகான பாக்கெட்டில், அரிசியைவிடக் கூடுதல் விலைக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் வீட்டில் அந்தக் குதிரைவாலியை உரலில் போட்டு உமி போகக் குத்தியது என் அம்மா. அதன் உமி லேசில் கழலாது. குத்த வேண்டும், புடைக்க வேண்டும், மறுபடி குத்த வேண்டும். பகல் முழுக்கக் குனிந்து களை வெட்டிவிட்டு வந்து, விளக்கு வைத்த பிறகு குத்துவார். கம்பும் அப்படித்தான். அடுப்புக்குப் பருத்திமாரும் வேலிக்கருவையும். மழைக்காலத்தில் ஈர விறகை ஊதி ஊதி அம்மாவின் கண் எப்போதும் சிவந்தே இருக்கும். தண்ணீருக்கு ஊரணி. கோடையில் ஊரணி வற்றினால் பக்கத்து ஊர்க் கிணறு, தலையில் ஒரு குடம், இடுப்பில் ஒரு குடம். ஆண்கள் உழுதார்கள், நான் இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் விளைந்ததைத் தின்னக்கூடிய சோறாக மாற்றுகிற வேலை முழுவதும் பெண்கள் தலையில்தான் இருந்தது.

அதனால் கேஸ் அடுப்பு, கிரைண்டர், மிக்ஸி, தெருக்குழாய், இவற்றில் ஒன்றையும் விட்டுக்கொடுக்க நான் தயாராக இல்லை. 2011-ல் அரசு மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் விலையில்லாமல் கொடுத்தபோது படித்தவர்கள் பலர் கேலி பேசினார்கள். எங்கள் தெருவில் ஆட்டுரலில் மாவாட்டித் தோள்பட்டை தேய்ந்த பெண்களை அவர்கள் பார்த்ததில்லை. ரேஷன் அரிசி 2008-ல் கிலோ ஒரு ரூபாய்க்கு வந்தது, 2011-லிருந்து விலையே இல்லை. மழை பொய்த்த வருஷங்களில்கூட எங்கள் ஊரில் அடுப்பெரியாத வீடு இல்லாமல் போனது அதனால்தான். மண்ணோடு வாழ்வதன் அழகை எழுதுகிறவர்கள், அந்த வேலையை இனி யார் செய்வது என்பதையும் சேர்த்து எழுத வேண்டும் என்று தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

சரி, இப்போது காட்டுக்கு வருகிறேன்.

உழவு மழை விழுந்து பத்துப் பதினைந்து நாளில் கரிசல் முழுக்கப் பச்சை பிடிக்கும். விதைத்தது பாதி, தானாக முளைத்தது பாதி. தொய்யக்கீரை வரும், பின்னாலேயே பண்ணைக்கீரை, குமட்டிக்கீரை, சாரணத்தி, குப்பைக்கீரை. வேலியோரத்தில் முடக்கத்தான், தூதுவளை, கோவை, பிரண்டை. கொஞ்ச நாள் போனால் மிதுக்கங்காய் காய்க்கும். அதை இரண்டாக நறுக்கி, உப்பும் மோரும் சேர்த்துக் காயவைத்து வத்தல் போட்டுவிட்டால் கோடையில் கஞ்சிக்குத் தொட்டுக்கொள்ள ஆகும். தொய்யக்கீரையைப் பாசிப்பருப்போடு கடைந்து, சின்ன வெங்காயம் தாளித்துக் கொட்டினால் பிள்ளைகள் இன்னொரு கரண்டி கேட்கும். இந்தக் கீரைகளை யாரும் விதைப்பதில்லை, உரம் வைப்பதில்லை, தண்ணீர் பாய்ச்சுவதில்லை.

இவற்றில் எல்லாம் நான் உயிராக நினைப்பது அதலைக்காயை. வடமாவட்ட வாசகர்கள் பலர் பார்த்தே இருக்க மாட்டார்கள். விருதுநகர், கோவில்பட்டி, மதுரைச் சந்தைகளில் மழைக்காலத்தில் மட்டும் கிடைக்கும். பாகற்காய்க் குடும்பம்தான், ஆனால் காய் கட்டைவிரலின் மேல் கணு அளவுக்குத்தான் இருக்கும். கரும்பச்சை நிறம், மேலே வரி வரியாக மேடு. கொடி தரையோடு படரும், பருத்திச் செடியோ சோளத்தட்டையோ கிடைத்தால் அதில் ஏறிக்கொள்ளும். கோடையில் அப்படி ஒரு கொடி இருந்த அடையாளமே தெரியாது. மண்ணுக்கடியில் கிழங்கு மட்டும் காய்ந்த மாதிரி கிடக்கும். மழை ஈரம் இறங்கியதும் அந்தக் கிழங்கிலிருந்து மறுபடி துளிர்க்கும். அதே இடத்தில், வருஷா வருஷம். எந்தக் காட்டில் எந்த மூலையில் அதலை உண்டு என்று எங்கள் ஊர்ப் பெண்களுக்கு மனப்பாடமாகத் தெரியும். விதை போட்டு வளர்க்கப் பார்த்தவர்களுக்கு அது லேசில் கைகொடுப்பதில்லை. கிழங்குதான் அதற்கு ஆதாரம்.

பறித்த அன்றே சமைத்துவிட வேண்டும். மறுநாள் வரை வைத்தால் காய் தானாக வெடித்து விதை வெளியே வந்துவிடும். காம்பையும் வாலையும் கிள்ளிவிட்டு, நறுக்காமல் முழுசாகவே நல்லெண்ணெயில் சின்ன வெங்காயம், வத்தல் மிளகாய் போட்டு நிதானமாக வதக்க வேண்டும். புளிக்குழம்பிலும் போடலாம். கசப்புத்தான், ஆனால் பாகற்காயின் கசப்பு மாதிரி நாக்கில் நின்றுகொண்டே இருக்காது. சுண்ணாம்புச் சத்தும் வைட்டமின் சி-யும் பாகற்காயைவிட இதில் கூடுதல் என்று ஆய்வு செய்தவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரைக்காரர்கள் தேடி வந்து வாங்குகிறார்கள். வியாபாரிகள் ஊருக்கே வந்து எடுத்துப் போவதும் உண்டு. காலையில் களை வெட்டப் போகிற பெண், மதியக் கஞ்சி நேரத்தில் வரப்போரம் சுற்றி மடியில் பறித்து வந்தால் வீட்டுக்கும் ஆகும், விற்றால் கைச்செலவுக்கும் ஆகும். அந்தப் பணம் புருஷன் கைக்குப் போகாது. பிள்ளைக்கு நோட்டு, தனக்கு ஒரு ஜாக்கெட்டுத் துணி, கோயில் கொடைக்கு வரி, இதெல்லாம் அதலைக்காய்க் காசில் நடந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

இதில் ஒரு வழக்கம் இருந்தது, அதை இங்கே பதிவு செய்ய விரும்புகிறேன். கீரை கிள்ளவும் அதலை பறிக்கவும் யார் காட்டிலும் யாரும் நுழையலாம். காட்டுக்குச் சொந்தக்காரரான சம்சாரியிடம் கேட்க வேண்டியதில்லை. பயிரில் கை வைக்கக் கூடாது, விதைத்த பயற்றுக் கொடியை மிதிக்கக் கூடாது, அவ்வளவுதான். காடு இல்லாதவர்களுக்கும் காட்டில் பங்கு இருந்தது. ஒரு சென்ட் நிலம் பட்டாவில் இல்லாத குடும்பம்கூட மழைக்காலம் மூன்று மாதம் பச்சைக் காய்கறி சாப்பிட்டது இதனால்தான். வசதி, மண், இயற்கை என்று பேசுகிற இடங்களில் இதைப் பற்றி யாரும் பேசிக் கேட்டதில்லை. பேசுகிறவர்களுக்குப் பெரும்பாலும் சொந்த நிலம் இருக்கிறது, அல்லது கையில் காசு இருக்கிறது.

நான் வேலை பார்த்த பள்ளியிலும் இந்தக் கீரைதான் கைகொடுத்தது. 1982-ல் சத்துணவுத் திட்டம் வந்ததிலிருந்து அரிசிக்கும் பருப்புக்கும் பெரிய குறை வந்ததில்லை. பிறகு முட்டையும் சேர்ந்தது. காய்கறிக்கு ஒதுக்கும் தொகைதான் எப்போதும் கையைக் கடிக்கும். மழைக்காலத்தில் கீரை பறிக்கும் பெண்களிடம் வாங்கிச் சாம்பாரில் போட்டுவிடுவேன். தொய்யக்கீரை போட்ட அன்றைக்குத் தட்டில் மிச்சம் இருக்காது. இப்போது 2022-லிருந்து காலை உணவும் கொடுக்கிறார்கள். மனதாரப் பாராட்டுகிறேன். ஆனால் பள்ளிக்கு ஐம்பது அடி தள்ளி முளைக்கிற கீரையைக் களைக்கொல்லி மருந்தடித்துக் கருக்கிவிட்டு, டவுனிலிருந்து வாடிய முட்டைக்கோஸை ஆட்டோவில் ஏற்றி வருகிறோம். 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு இரத்தசோகை என்று வந்திருக்கிறது. வயிறு நிறைகிறது, இரத்தம் ஊறவில்லை.

அந்த மருந்து எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும். எங்கள் பக்கம் கம்பும் சோளமும் போய் மக்காச்சோளம் வந்தது. கோழித் தீவனத்துக்கு வாங்க ஆள் இருக்கிறது, கம்பு மாதிரிக் குருவி விரட்டப் பரண் போட்டு உட்கார வேண்டியதில்லை. சம்சாரியைக் குறை சொல்ல மாட்டேன். பருத்தியில் அடிபட்டு வந்தவர்களுக்குக் கையில் காசு தந்த பயிர் அது. 2018-ல் படைப்புழு வந்து மக்காச்சோளத்தையும் மொட்டையடித்தது, அப்படியும் விட்டுவிட முடியவில்லை. வேறு எதற்கு நிச்சயமான விலை இருக்கிறது?

மக்காச்சோளம் விதைத்த மூன்று நாளுக்குள் ஈர மண்ணில் அட்ரசின் என்ற களைக்கொல்லியை அடித்துவிட்டால் களை முளைக்காது. அகல இலைச் செடிகளைத்தான் அது முக்கியமாக அழிக்கும். தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணத்தி எல்லாம் அகல இலைச் செடிகள்தான். பயறு வகையையும் அது விடாது. ஊடுபயிராகப் பயறு போடுவதென்றால் அட்ரசின் அடிக்கக் கூடாது என்று வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் சாகுபடிக் குறிப்பிலேயே இருக்கிறது. ஆக, வீட்டுக்கென்று வரிசைக்கு நடுவில் நாலு படி பாசிப்பயறும் தட்டாம்பயறும் போட்டுக்கொண்டிருந்த வழக்கமும் இதோடு போயிற்று. நிலத்தடி நீரில் கலக்கிறது என்பதால் ஐரோப்பிய ஒன்றியம் இருபது ஆண்டுகளுக்கு முன்பே இந்த மருந்தைக் கைவிட்டுவிட்டது. எங்கள் காட்டு மழைத்தண்ணீர் ஓடி இறங்குவது ஊரணியில்.

சம்சாரி ஏன் அடிக்கிறார் என்பதும் எனக்குத் தெரியும். மழை விட்ட அதே வாரத்தில் எல்லாக் காட்டுக்கும் களை வெட்ட ஆள் வேண்டும். ஆள் கிடைக்காது. கிடைத்தாலும் கூலி கொடுத்துக் கட்டுப்படியாகாது. பவர் ஸ்ப்ரேயரை முதுகில் மாட்டிய ஒரே ஆள் காலையில் தொடங்கி மதியத்துக்குள் முடித்துவிடுகிறார். களை வெட்டுவது இடுப்பொடிக்கிற வேலை என்பதையும் மறுக்க மாட்டேன். அந்த வேலை போனதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வேலையோடு கூலியும் போய், கீரையும் போய், அதலையும் போனதில்தான் வருத்தம்.

அட்ரசினாவது பயிருக்குள் அடிக்கிற மருந்து. வரப்பில் அடிக்கிறார்களே, அதைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. பயிரை ஒட்டிய வரப்பு, வண்டிப்பாதை, ஊரணிக்கரை, மந்தை, பள்ளிக்கூட மைதானம் என்று எங்கே பச்சை தெரிந்தாலும் இப்போது கிளைபோசேட் என்ற இன்னொரு களைக்கொல்லியை அடிக்கிறார்கள். அது இலையில் பட்டால் வேர் வரைக்கும் இறங்கும் மருந்து. அதலைக்கொடியில் பட்டால் கிழங்குக்கே போய்விடும். அம்மா காலத்திலிருந்து ஒரே இடத்தில் துளிர்த்துக்கொண்டிருந்த கிழங்கு ஒரே தெளிப்பில் செத்துப்போகிறது. மறுவருஷம் மழை பெய்தாலும் அங்கே எதுவும் எழும்பாது. பூச்சிக் கட்டுப்பாட்டுப் பணிக்கென உரிமம் பெற்றவர்கள் தவிர வேறு யாரும் கிளைபோசேட்டைப் பயன்படுத்தக் கூடாது என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு உத்தரவு போட்டது. எங்கள் பக்கம் முகத்தில் ஒரு துண்டைக்கூடக் கட்டாமல் பையன்கள் அடித்துக்கொண்டிருக்கிறார்கள். யார் உரிமம் பார்த்தார்கள்?

எனக்குப் பெரியம்மா முறை ஆகிற ஒருவர் எங்கள் தெருவில் இருக்கிறார். எழுபது தாண்டியவர், காடு கிடையாது, மகன் திருப்பூரில் இருக்கிறான். இந்த வருஷம் கார்த்திகையில் கீரை பறிக்கப் போய்விட்டு வெறும் மடியோடு வந்தார். "கீரை இருக்கு தாயி. ஆனா மருந்தடிச்ச காடா, அடிக்காத காடான்னு எனக்கு எப்பிடித் தெரியும்? பாக்கப் பச்சையாத்தான் இருக்கு. எதுக்கு வம்புன்னு வந்துட்டேன்" என்றார். மருந்து பட்ட கீரை வாடுவதற்குச் சில நாளாகும். அதற்குள் யாராவது கிள்ளி வந்து குழந்தைக்குக் கடைந்து கொடுத்தால்? கீரை இல்லாமல் போவது ஒரு பக்கம் என்றால், இருக்கிற கீரையையும் நம்ப முடியாமல் போவது அதைவிடக் கொடுமை. ஆடு மேய்க்கிறவர்களுக்கும் இதே பயம்தான். ஆட்டை இரவில் காட்டில் அடைத்துக் கிடை போட்டு உரம் சேர்த்த காலம் போய், இந்தக் காட்டுக்குள் ஆட்டை விடலாமா என்று ஒவ்வொரு நாளும் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் மகன் வீடு சென்னையில். மருமகள் வேலைக்குப் போகிறாள், இரவு எட்டு மணிக்குத்தான் வீடு திரும்புவாள். "அத்தை, கீரை ஆய்ஞ்ச மாதிரியே பாக்கெட்ல வந்துரும், நீங்க ஏன் சிரமப்படுறீங்க" என்பாள். வரும், நானும் சமைத்திருக்கிறேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் அந்த நேரத்தில் உட்கார்ந்து கீரை ஆய வேண்டும் என்று நான் ஒருநாளும் சொல்ல மாட்டேன். ஆனால் அந்த வசதி மாதாமாதம் சம்பளம் வருகிற வீட்டுக்கானது. எங்கள் ஊருக்கு அந்த வண்டி வராது. வந்தாலும் பெரியம்மா முதியோர் உதவித்தொகையில் முப்பது ரூபாய் கொடுத்து அரைக்கீரைக் கட்டு வாங்க மாட்டார். வாங்காமல் ரசத்தை ஊற்றிச் சாப்பிட்டுவிட்டுப் படுத்துக்கொள்வார். சிலிண்டர் விலை 2023-ல் ஆயிரத்து நூறு ரூபாயைத் தாண்டியபோது எங்கள் தெருவில் மறுபடி வேலிக்கருவை விறகுக்குப் போன வீடுகள் உண்டு. விறகு இருந்ததால் போனார்கள். காசு கொடுத்து வாங்குகிற எதுவும் ஒருநாள் கைக்கெட்டாமல் போகலாம் என்பது கூலிக்காரர்களுக்குத் தெரியும். அப்போது தொட்டுக்கொள்ள ஏதாவது பக்கத்தில் இருக்க வேண்டும்.

2023 டிசம்பர் வெள்ளத்தையும் நினைவுபடுத்துகிறேன். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியது. செந்தூர் எக்ஸ்பிரஸ் ஸ்ரீவைகுண்டத்தில் பயணிகளோடு நின்றுபோனது. என் தங்கை அந்தப் பக்கம் வாழ்க்கைப்பட்டவள். கரண்ட் இல்லை, போன் இல்லை, பாலம் உடைந்து சாலை இல்லை. ஹெலிகாப்டரில் பொட்டலம் வரும்வரை அவள் தெருவில் அரிசியும் கருப்பட்டியும் வத்தலும் வீட்டில் வைத்திருந்தவர்கள் இல்லாதவர்களுக்குக் கொடுத்து ஓட்டினார்கள். கடையையும் போனையும் மட்டும் நம்பியிருந்த வீடுகள்தான் முதலில் கதவைத் தட்டின என்று அவள் சொன்னாள். அவர்களைக் குறைவாகச் சொல்லவில்லை. பானையில் வத்தல் போட்டு வைக்க, முதலில் காட்டில் மிதுக்கங்காய் காய்க்க வேண்டும், அதைத்தான் சொல்கிறேன்.

பொது நிலம் சுருங்குவதும் இதோடு சேர்ந்தது. கமுதியில் 2016-ல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் வந்தது, அதன் பிறகு கரிசலில் எங்கே பார்த்தாலும் கண்ணாடித் தகடு. மின்சாரம் வேண்டியதுதான், என் வீட்டுக் கிரைண்டரும் அதில்தான் ஓடுகிறது. கம்பிவேலி போட்ட இடத்துக்குள் கீரை பறிக்கவோ ஆடு மேய்க்கவோ போக முடியாது என்பதைத் திட்டம் போடுகிறவர்கள் ஒரு இழப்பாகக் கணக்கில் எழுதுவதே இல்லை. இது தனிக்கடிதத்துக்கான விஷயம், இங்கே நிறுத்திக்கொள்கிறேன்.

என்ன செய்யலாம்? மருந்தையே நிறுத்துங்கள் என்று சம்சாரிகளிடம் சொன்னால் நடக்காது என்று தெரியும். பயிருக்குள் அடிப்பதைக் குறைக்க வழி இருக்கிறது. வரிசையாக விதைத்து, ஊடே கலப்பையோ பவர் வீடரோ ஓட்டினால் களை பெரும்பாலும் அடங்கும். வரிசைக்குள் மிஞ்சுகிற கீரையைப் பெண்கள் பறித்துக்கொள்வார்கள். பவர் வீடருக்கு மானியம் இருக்கிறது, ஆனால் சின்னச் சம்சாரி மானியத்திலும் வாங்க முடியாது. ஊராட்சிக்கு ஒன்றிரண்டு வாங்கி வாடகைக்கு விட்டால் போதும். ஆள் கிடைக்காத அந்த ஒரு வாரத்துக்குத்தானே மருந்து தேவைப்படுகிறது?

வரப்பு, பாதை, ஊரணிக்கரை, மந்தை, பள்ளி வளாகம் இவற்றில் களைக்கொல்லி அடிப்பதை மட்டும் முழுவதுமாக நிறுத்தியே ஆக வேண்டும். இதில் யாருக்கும் மகசூல் நஷ்டம் கிடையாது. புல் வெட்டும் இயந்திரம் இருக்கிறது, ஊரக வேலைத் திட்டத்தில் ஆள் இருக்கிறார்கள். வரப்பு மட்டும் தப்பித்தாலே அதலைக் கிழங்கு பிழைத்துக்கொள்ளும். மருந்தடித்த காட்டின் நாலு மூலையிலும் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவதைக் கட்டாயமாக்க வேண்டும். ஒரு பழைய சேலையைக் கிழித்தால் ஊருக்கே போதும். பெரியம்மா மாதிரியானவர்களுக்கு அது படிக்கத் தெரியாவிட்டாலும் புரியும். நூறாண்டைத் தாண்டிய வேளாண் ஆராய்ச்சி நிலையம் கோவில்பட்டியில் இருக்கிறது. கரிசலுக்கென்று எத்தனையோ ரகங்களைக் கொடுத்தவர்கள் அவர்கள். அதலைக் கிழங்கைப் பெருக்கி வரப்போரம் நட விரும்புகிறவர்களுக்குக் கொடுக்க அவர்கள் ஒரு வழி காட்ட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். பள்ளி உணவு மையங்கள் மழைக்கால மூன்று மாதமும் கீரையை உள்ளூர்ப் பெண்களிடமே ரொக்கத்துக்கு வாங்கலாம் என்று ஒரு சுற்றறிக்கை வந்தால் போதும், என் போன்ற அமைப்பாளர்கள் தணிக்கைக்குப் பயப்படாமல் வாங்குவார்கள். ரசீது இல்லாத கீரைக்கட்டுக்குக் கணக்கு எழுத நாங்கள் பட்ட பாடு எங்களுக்குத்தான் தெரியும்.

கிராம சபை இப்போது வருஷத்துக்கு ஆறு முறை கூடுகிறது. அக்டோபர் 2 கூட்டம் எங்கள் பக்கம் விதைப்புக்குச் சற்று முன்னால் வருவதால் இதற்கு அதுதான் பொருத்தமான நாள். பொது இடத்திலும் வரப்பிலும் களைக்கொல்லி கூடாது, மருந்தடித்த காட்டில் சிவப்புத் துணி கட்ட வேண்டும் என்ற இரண்டையும் தீர்மானமாக வைக்க எங்கள் ஊரில் கீரை பறிக்கும் பெண்கள் மனு எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறார்கள். பெரியம்மா கைநாட்டு வைத்திருக்கிறார். சம்சாரிகளிலும் சிலர் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள், அவர்கள் வீட்டுப் பெண்களுக்கும் அதலைக்காய் வேண்டியிருக்கிறது. மனுவின் நகல் ஒன்றை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். சாத்தூர், ஒட்டப்பிடாரம், எட்டயபுரம் பக்கத்து ஊர்க்காரர்கள் யாராவது கேட்டால் தயவுசெய்து அதை அவர்களுக்குக் கொடுங்கள். ஊர்ப்பெயரை மட்டும் மாற்றிக்கொண்டால் போதும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற சத்துணவு அமைப்பாளர்,
விளாத்திகுளம் வட்டம், தூத்துக்குடி மாவட்டம்.